இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து போட்ட குஞ்சுகள்: மூன்று வருட அனுபவம்

தலவாக்கலைப் பக்கம், லயத்துக்குப் பின்னால் முட்டைக்கோழி வளர்க்கிறோம். ஒரு தடவைக்கு ஐம்பது, அறுபது குஞ்சு. மே மாதம் மழை பிடித்தால் கூட்டுத் தரை காயவே காயாது. நாலாவது கிழமையில் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டு ஒடுங்கி நிற்கும், எச்சத்தில் இரத்தம் தெரியும். கைக்காசு போட்டு வாங்கிய குஞ்சு கண் முன்னால் சாவதைப் பார்ப்பது பெரிய வேதனை.

அதனால்தான் இந்த இரத்தக் கழிச்சலுக்கு, அதாவது கொக்சிடியோசிஸுக்கு, தடுப்பு மருந்து போட்ட குஞ்சுகளுக்கு மாறினோம். எங்களுக்கு வருபவற்றுக்குப் பொரித்த முதல் நாளே கொடுத்துவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பெரிய பொரிப்பகங்களில் பொரிக்க முன்னமே, அடைவைத்த 18, 19ஆம் நாளில் முட்டைக்குள் ஊசியால் ஏற்றும் முறையும் இருக்கிறது. எப்படிக் கொடுத்தாலும் உள்ளே போவது இந்த நோயை உண்டாக்கும் ஐமேரியா என்ற ஒட்டுண்ணிதான், உயிரோடு, கொஞ்சமாக.

மீதி வேலை கூட்டுத் தரையில் நடக்கிறது. இது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. ஒரு கிழமை போனதும் குஞ்சின் எச்சத்தில் அந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் விழும். ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் அவை பக்குவமாகும். குஞ்சு அதைத் திரும்பக் கொத்தித் தின்னும். இப்படி இரண்டு மூன்று சுற்று போனால்தான் எதிர்ப்புச் சக்தி உறுதியாகும்.

முதல் தடவை இது தெரியாமல், சுத்தமாக இருக்கட்டும் என்று ஐந்தாம் நாளே குஞ்சுகளைக் கம்பிவலைத் தட்டில் ஏற்றினேன். எச்சமெல்லாம் கீழே போய்விட்டது. போதாததற்கு, கடையில் வாங்கிய தீனில் கொக்சிடியோசிஸ் மருந்து கலந்திருந்தது. அது தடுப்புக்குக் கொடுத்த ஒட்டுண்ணியையும் கொன்றுவிடும். பிறகு தரையில் இறக்கியதும் பதினொரு குஞ்சு செத்தது. தடுப்பு மருந்தைக் குறை சொன்னேன், பிழை என்னுடையது.

இப்போது முதல் மாதம் முழுக்க மரத்தூள் தரைதான். தினமும் ஒரு கைப்பிடி அள்ளிப் பிசைந்து பார்ப்பேன். இலேசாக ஒட்டி, கையைத் திறந்ததும் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் கூட. தூசி பறந்தாலும் சரியில்லை, அந்த ஒட்டுண்ணி முட்டைகள் பக்குவமாகாது. எங்கள் ஊரில் தூசிக்கு எங்கே போவது! தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்ததை மட்டும் அள்ளிவிட்டுப் புதுத் தூள் போடுகிறேன். குளிருக்குப் பயந்து சாக்கால் நாலு பக்கமும் மூடுவதையும் விட்டுவிட்டேன். மேலே ஒரு சாண் காற்றுக்குத் திறந்திருக்கும், பல்ப் எரியும். தீன் மூட்டையின் லேபளை வாசிக்காமல் வாங்குவதில்லை.

மூன்றாவது கிழமையில் எச்சம் கொஞ்சம் இளகலாம், பயப்படத் தேவையில்லை. இரத்தம் கண்டால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். அந்த முதல் தடவைக்குப் பிறகு எடுத்த ஐந்து தடவையும் அப்படி ஓட வேண்டி வரவில்லை, அதில் இரண்டு நல்ல மழைக்காலத்தில் வளர்ந்தவை.