அஞ்சு கப், ஒரு பில்: காபி ஆப்பில் யார், எப்போது கட்டுவது?

சென்னை ஓஎம்ஆரில் ஓர் அலுவலகம். மாலை நாலு மணிக்கு அஞ்சு பேர் சேர்ந்து காபி வரவழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பில்டர் காபி இரண்டு, ஒன்று ₹50. கேப்புசினோ ₹160, கோல்ட் காபி ₹180, இஞ்சி டீ ₹60. கூட்டினால் ₹500. '₹500-க்கு வாங்கினால் ₹100 தள்ளுபடி' என்று ஒரு கூப்பன் கையில் இருக்கிறது. அது போக ₹400, அதன் மேல் 5% ஜிஎஸ்டி ₹20, கொண்டுவந்து தர ₹35. ஆக ₹455.

இந்த ₹455-ஐ அஞ்சு பேரிடமிருந்து வாங்க ஒரு காபி ஆப் என்னென்ன ஏற்பாடு செய்யலாம், அவற்றில் எது தேறும்? சாப்பாட்டு ஆப்களில் இது புதிதல்ல. சொமேட்டோ 2024 ஆகஸ்டில் குழு ஆர்டரைக் கொண்டுவந்தது. ஊபர் ஈட்ஸில் ஆர்டரைத் தொடங்குகிறவரே முழுவதும் கட்டலாம், இல்லையென்றால் அவரவர் பங்கை அவரவர் கட்டும்படி வைக்கலாம். ஆனால் பிரியாணிக்குச் சரிப்பட்டதெல்லாம் காபிக்கும் சரிப்படாது. பிரியாணி கொஞ்ச நேரம் காத்திருக்கும், காபி ஆறிவிடும். அப்புறம் தொகை. ₹600 பாக்கி என்றால் வாய்விட்டுக் கேட்டுவிடுவோம். ₹49-ஐ யார் கேட்பார்கள்? கேட்கவும் மாட்டோம், மறக்கவும் மாட்டோம்.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: அஞ்சு பேரில் ஒருத்தர் பணம் கட்டாமல் விட்டால், மற்ற நாலு கப் என்ன ஆகும்?

ஆர்டரை யார் தட்டுவது

இப்போது நடப்பது வாட்ஸ்அப் வழி. 'காபி யாருக்கெல்லாம்?' என்று ஒருத்தர் கேட்பார். 'எனக்கு ஒண்ணு, சர்க்கரை கம்மி', 'டிக்காஷன் தூக்கலா', 'எனக்கும் அதே' என்று பதில்கள் வரும். நடுவில் ஒருத்தர் மனசு மாறி டீ என்பார். அந்த 'அதே' எதைக் குறித்தது என்று மேலே கீழே தள்ளிப் பார்த்து ஒருத்தர் எல்லாவற்றையும் தட்டுவார். காசு கட்டுகிறவரும் அவரே. இதில் ஆப் செய்யும் வேலை என்று ஒன்றும் இல்லை.

இரண்டாவது வழியில் அவரவர் தன் போனில் தனியாக ஆர்டர் போடுவார், கடை அவற்றை ஒரே பையில் சேர்த்துத் தரும். கணக்குப் பிரிக்கும் தொல்லையே கிடையாது. கடை கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்து, போய் எடுத்துவரப் போகிறார்கள் என்றால் நானே இதைத்தான் சொல்வேன். டெலிவரி என்றால் கதை வேறு. தனித்தனியாக ஒருவருக்கும் ₹500 வராது, கூப்பன் போச்சு. கொண்டுவரும் கட்டணமும் அஞ்சு தடவை விழும்.

மூன்றாவது, ஒரு லிங்க். அதைத் திறந்து எல்லாரும் ஒரே கார்ட்டில் சேர்ப்பது. டெலிவரிக்கு இதுதான். ஆனால் இது பிழைப்பதும் சாவதும் சின்ன விஷயங்களில். லிங்க்கைத் தட்டியதும் 'ஆப்பை இறக்குங்கள், ஓடிபி போடுங்கள்' என்றால் பாதிப் பேர் 'எனக்கும் ஒண்ணு போட்டுடுங்க' என்று பழைய வழிக்கே போய்விடுவார்கள். பெயர் ஒன்றைக் கேட்டால் போதும், அதையே கப்பின் மேலும் ஒட்டலாம். சர்க்கரை, டிக்காஷன் எல்லாம் தட்டினால் விழும் பொத்தான்களாக இருக்கட்டும், எழுதும் கட்டம் வேண்டாம். கார்ட்டைப் பூட்டும் சாவி தொடங்கியவர் கையில் இருக்க வேண்டும். பூட்டிய பிறகு வருகிறவருக்கு, 'இந்த ஆர்டர் போய்விட்டது' என்று ஒரு வரி. 'உங்களுக்காகக் காத்திருக்கட்டுமா?' என்று அவரைக் கேட்கவே கூடாது. கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்.

பங்கை எப்படிப் பிரிப்பது

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ₹91. பில்டர் காபி குடித்தவரும் ₹91 கட்ட வேண்டும், அவர் குடித்ததோ ₹50 காபி. எல்லாரும் ஒரே மாதிரி அஞ்சு பில்டர் காபி சொன்ன நாளில் சமப் பங்கு அழகாக இருக்கும். இந்த மாதிரிக் கலவையான ஆர்டரில் அது கோல்ட் காபிக்காரருக்கு மற்றவர்கள் தரும் மானியம்.

அவரவர் சொன்னதுக்கு அவரவர் என்றால், தள்ளுபடியையும் வரியையும் விலைக்கு ஏற்றபடி பிரிப்பதில் சண்டை இல்லை. டெலிவரி கட்டணத்தில்தான் இரண்டு கட்சி. ஒரு கட்சி, ஆளுக்கு ₹7 என்று சமமாகப் போடச் சொல்கிறது. இன்னொன்று, அதையும் விலைக்கு ஏற்றபடியே.

| | சமப் பங்கு | அவரவருக்கு, டெலிவரி சமம் | எல்லாமே விலைக்கேற்ப |
|---|---|---|---|
| பில்டர் காபி | ₹91 | ₹49 | ₹45.50 |
| பில்டர் காபி | ₹91 | ₹49 | ₹45.50 |
| கேப்புசினோ | ₹91 | ₹141.40 | ₹145.60 |
| கோல்ட் காபி | ₹91 | ₹158.20 | ₹163.80 |
| இஞ்சி டீ | ₹91 | ₹57.40 | ₹54.60 |

நடுப்பத்திதான் என் தேர்வு. வண்டி வருவதற்கு ஆகும் செலவு காபியின் விலையைப் பார்த்து ஏறுவதில்லை. 'வண்டிக்கு ஆளுக்கு ஏழு ரூபாய்' என்று ஒரே வரியில் சொல்லிவிடவும் முடிகிறது. கடைசிப் பத்தியை விளக்கப் போனால் காபி ஆறிவிடும்.

எந்தப் பத்தியானாலும் பைசாவில் ஒரு கண் வேண்டும். அதே ₹35-ஐ ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ₹5.83, ஆறு மடங்கு ₹34.98. மீதி இரண்டு பைசா எங்கே? 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன. யூபிஐயில் மட்டும் ஒரு பைசாவும் கணக்கு. தொகைகளை ரூபாய்த் தசமமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைத்து, மிஞ்சும் பைசாவை ஆர்டரைத் தொடங்கியவர் தலையில் போட்டால் வேலை முடிந்தது. யாரும் கவனிக்க மாட்டார்கள். கூட்டுத்தொகை பில்லோடு ஒத்துப்போகவில்லை என்றால் எல்லாரும் கவனிப்பார்கள்.

பணம் எப்போது நகரும்

மூன்று வழி இருக்கிறது. அபிப்பிராய பேதம் வருவதும் இங்கேதான்.

முதல் வழி: எல்லாரும் தன் பங்கைக் கட்டிய பிறகே ஆர்டர் கடைக்குப் போகும். காகிதத்தில் இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை. யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை. செலவைப் பார்த்தாலும் நம் ஊரில் இதற்குத் தடை இல்லை. அமெரிக்காவில் அட்டை தேய்த்தால் சதவீதத்தோடு ஒவ்வொரு தடவைக்கும் தனியாகச் சில சென்ட் போகும். ஒரு பில்லை அஞ்சாக உடைத்தால் கடைக்காரருக்கு வலிக்கும். இங்கே வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐயில் கட்டினால் 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் எம்டிஆர் என்ற பரிமாற்றக் கட்டணம் வாங்குவதில்லை. சின்னத் தொகைகளுக்கான யூபிஐ லைட் வைத்திருப்பவர் ₹1,000 வரை பின் நம்பர்கூடப் போட வேண்டாம்.

ஆனால் என் கேள்வியில் இது விழுந்துவிடுகிறது. நாலு பேர் கட்டிவிட்டார்கள், கேப்புசினோக்காரர் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டார். மற்ற நாலு கப்பும் அவருக்காக நிற்கின்றன. அவரை விட்டுவிட்டு ஆர்டர் போகட்டும் என்றால் மொத்தம் ₹340-க்கு இறங்கிக் கூப்பன் செல்லாது. ஏற்கெனவே கட்டிய நாலு பேரும் இன்னொரு தடவை கட்ட வேண்டும். இன்னும் மோசமானது, ஒருவருக்குப் பணம் கணக்கிலிருந்து கழிந்து, ஆப்புக்கு உறுதி வராமல் நிற்பது. அப்படி நின்ற பணத்தைத் தானாகத் திருப்பித் தர 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி, கடைகளுக்குக் கட்டும் யூபிஐ பணத்துக்கு அஞ்சு நாள் அவகாசம் தருகிறது. அஞ்சு நாள்! நாலு மணிக் காபிக்கு.

இரண்டாவது, பணத்தைப் பிடித்துமட்டும் வைப்பது. ஐபிஓவுக்கு (புதுப் பங்கு வெளியீட்டுக்கு) விண்ணப்பித்தவர்களுக்கு இது தெரியும்: தொகை கணக்கிலேயே முடங்கி நிற்கும், பங்கு ஒதுக்கினால்தான் கழியும். இதற்கான மேண்டேட் (முன் ஒப்புதல்) வசதி 2018-இல் வந்த யூபிஐ 2.0-இலேயே உண்டு. எல்லாரும் ஒப்புதல் கொடுத்தால் கழிப்பது, ஒருவர் கொடுக்காவிட்டால் எல்லாருடையதையும் விடுவிப்பது. முதல் வழியில் வரும் ரீஃபண்ட் சிக்கல் இதில் தீர்கிறது. காத்திருப்பு மட்டும் தீரவில்லை. பொறியாளர்களுக்கு இந்த வழி ரொம்பப் பிடிக்கும். ₹49-க்கு மேண்டேட் ஒப்புதல் கேட்டு பின் போடச் சொன்னால் பில்டர் காபிக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது: தொடங்கியவர் ₹455-ஐயும் உடனே கட்டுகிறார், ஆர்டர் போகிறது, மற்றவர்கள் அவருக்குத் தர வேண்டியதை ஆப் எழுதி வைத்துக்கொள்கிறது. காபி யாருக்காகவும் நிற்காது. ஒருத்தர் கட்டாவிட்டால் ஒருத்தருக்குத்தான் நஷ்டம், அதுவும் இன்றைக்கு இல்லை. வாட்ஸ்அப் வழியில் நடந்துகொண்டிருப்பதும் இதுவே. கூடுதலாகக் கணக்கு மட்டும் வந்து சேர்கிறது. காபிக்கு இதுதான் என்பேன்.

இதை எடுத்தால் வசூல் எப்படி? முன்பு 'இவ்வளவு அனுப்பு' என்று யூபிஐயிலேயே கோரிக்கை அனுப்பலாம், எதிராளி பின் போட்டால் பணம் வந்துவிடும். ஏமாற்றுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதால், ஆளுக்கு ஆள் கோரிக்கை அனுப்பும் வசதியை, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. இனி தொகை நிரப்பிய க்யூஆரைக் காட்டி, அவராக அனுப்ப வேண்டியதுதான். நடுவில் ஆப்பே பணத்தை வாங்கி வைத்து மாற்றிவிடலாமே என்று யோசனை வரும். அடுத்தவர் பணத்தை வாலெட்டில் வைத்து ஆளுக்கு ஆள் மாற்றித் தர ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும். காபி விற்கிறவர்களுக்கு அந்த வேலை எதற்கு? கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது

ஒவ்வொரு காபிக்கும் அன்றன்றே தீர்க்கச் சொல்லலாம், அல்லது டீக்கடை நோட்டு மாதிரி தொடர்ந்து எழுதிக்கொண்டே போகலாம். அன்றன்று என்றால் ஒரு வாரத்தில் ஆளுக்கு அஞ்சு சில்லறைப் பரிமாற்றம். தொடர்ந்து எழுதினால் பாதி தானாகவே கழிந்துவிடும்: நேற்று நீங்கள் கட்டினீர்கள், இன்று நான். மாதக் கடைசியில் மிஞ்சுவதைத் தீர்த்தால் போதும்.

செலவைப் பிரித்துக் கணக்கு வைக்கும் ஸ்ப்ளிட்வைஸ் போன்ற ஆப்கள் இன்னும் ஒரு படி மேலே போய்க் கடன்களைச் சுருக்கித் தரும். நான் உங்களுக்கு ₹50, நீங்கள் மூன்றாமவருக்கு ₹50 என்றால், நானே நேராக மூன்றாமவருக்குக் கொடுத்துவிடலாம். கணக்குப்படி சரி. ஆனால் புதிதாகச் சேர்ந்த பையனிடம் 'மேனேஜருக்கு ₹50 அனுப்பு' என்று திடீரென்று ஆப் சொன்னால் அவன் முழிப்பான். 'அவர்கூட நான் காபியே குடித்ததில்லையே!' அலுவலகக் குழுவில் சுருக்கலை அணைத்தே வைக்கலாம். சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு வேண்டுமானால் திறந்துவிடலாம்.

கேட்பதற்கு உள்ள கூச்சத்தை ஆப் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். 'உங்கள் நண்பர் பணம் கேட்கிறார்' என்று அனுப்பினால் கேட்காதவரைக் கேட்டவராக்கிவிடும். 'செவ்வாய்க்கிழமை பில்டர் காபி, ₹49' என்று மட்டும் ஆப் தன் பெயரில் சொல்லட்டும். வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

பிரிப்பதைவிட முக்கியமான பொத்தான் ஒன்று உண்டு: 'இன்னிக்கு நான்'. இன்க்ரிமென்ட் வந்தவர், பொண்ணு ப்ளஸ் டூ பாஸானவர், காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருப்பவர். இதை அமைப்புகளுக்குள் மூன்றாவது பக்கத்தில் ஒளித்து வைக்கக் கூடாது. லிங்க் அனுப்பும் திரையிலேயே இருக்க வேண்டும். அதைத் தட்டினால் மற்றவர்கள் திரையில் விலையே தெரியாமல் போவது நல்லது என்பது என் கட்சி. தெரிந்தால் எல்லாரும் ₹50-க்கு இறங்கிவிடுவார்கள். விலையை மறைத்தால் கட்டுகிறவர் பர்ஸ் பழுத்துவிடும் என்பவர்களுக்கு, ஆளுக்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று அவரே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். வரம்புக்கு மேலானது திரையில் வராது.

கோல்ட் காபி இல்லையாம்

பணம் கட்டியாகிவிட்டது. கடையிலிருந்து செய்தி வருகிறது: ஐஸ்கிரீம் தீர்ந்துவிட்டது, கோல்ட் காபி கிடையாது. ₹180 கழிந்தால் மொத்தம் ₹320. கூப்பனுக்கு வேண்டிய ₹500 இல்லை.

கூப்பன் விதியை எழுத்துக்கு எழுத்து பார்க்கும் மென்பொருள் தள்ளுபடியைப் பிடுங்கிவிடும். அப்போது பில்டர் காபிக்கு ₹50, வரி ₹2.50, வண்டிக்கு நாலு பேரில் ஒரு பங்கு ₹8.75, ஆக ₹61.25. கோல்ட் காபி இல்லாமல் போனதற்கு, அதைக் கேட்கவே கேட்காத பில்டர் காபிக்காரர் ₹12.25 அதிகம் கட்டுகிறார். மென்பொருளைக் குறை சொல்ல முடியாது, அதற்குச் சொன்னதைத்தான் செய்கிறது.

இன்னொரு வழி, கார்ட்டைப் பூட்டிய நொடியிலேயே ஒவ்வொருவர் பங்கையும் உறையவைத்துவிடுவது. கோல்ட் காபிக்காரரின் ₹158.20 முழுதும், ஆர்டருக்குப் பணம் கட்டியவருக்குத் திரும்பும், பாக்கிப் பட்டியலில் அந்த வரி அடிபடும். மற்ற நாலு பேரும் அதே ₹49, ₹49, ₹141.40, ₹57.40, மொத்தம் ₹296.80. கோல்ட் காபிக்காரர் பங்கில் இருந்த டெலிவரி ₹7 கடையின் செலவு. கூப்பன் வரம்பு உடைந்த நஷ்டமும் கடைக்கே. தீர்ந்துபோன சரக்கை மெனுவில் விட்டு வைத்தது அவர்கள்தானே.