செஸ் பலகை: மடிப்பதா, டிராயர் வைத்ததா?

மகளை சத்துவாச்சாரியில் செஸ் வகுப்பில் சேர்த்த பிறகு வீட்டுக்கு இரண்டு மரப் பலகைகள் வந்துவிட்டன. முதலில் வாங்கியது பெட்டி போல மடிந்து காய்களை உள்ளே அடக்கிக்கொள்வது. அடுத்தது மடிக்காத கனமான பலகை, அடியில் இரண்டு பக்கமும் டிராயர். இன்று யார் கேட்டாலும் டிராயர் பலகையைத்தான் வாங்கச் சொல்வேன்.

விலையும் எடையும் மடிப்புப் பலகைக்குச் சாதகம். பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

ஆனால் நம் வேலூர் வெயில் இருக்கிறதே! கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டிக் காயும் ஊர், ஐப்பசி பிறந்தால் ஈரத்தில் ஊறும். வறட்சியில் மரம் சுருங்கும், ஈரத்தில் உப்பும். மடிப்புப் பலகையில் அது தெரிவது நடு இடுக்கில், 4, 5ஆம் வரிசைகளுக்கு நடுவே. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் அது போய் நிற்பதே அந்த இடுக்கின் ஓரத்தில்தான். இரண்டாவது கோடையில் எங்கள் பலகையில் ஒரு பாதி ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டது. ஆசாரி கீலைக் கழற்றி, ஸ்க்ரூ ஓட்டையில் தீக்குச்சியைச் செருகி இறுக்கிக் கொடுத்தார். ஆறு மாதம் தாங்கியது. அதற்குள் காய்கள் உள்ளே உருண்டு மோதியதில் ஒரு கறுப்புக் குதிரைக்குக் காது போய்விட்டது. மகள் அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

டிராயர் பலகையும் மரம்தான், உப்பத்தான் செய்யும். மழை நாளில் டிராயர் இழுக்க வராது. வெயில் அடிக்கும் நாளில் வெளியே எடுத்து ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். ஆடும் பரப்பில் இடுக்கே இல்லை. நான் பார்த்தது ஒரு மழைக்காலம்தான். பத்து வருடம் உழைக்குமா என்று இப்போதே சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது கட்டத்தை அளந்து பாருங்கள். போட்டிக்கு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே சொல்லும் கட்டம் 5 முதல் 6 செ.மீ., ராஜா சுமார் 9.5 செ.மீ. உயரம். டிராயர் பலகைகளில் பல இதைவிடச் சிறியவை. நான்கு சிப்பாய்கள் ஒரே கட்டத்துக்குள் அடங்கினால் அளவு பொருத்தம். டிராயருக்குள் வெல்வெட் துணி ஒட்டியிருக்கிறதா, ராஜாவைப் படுக்க வைத்த பிறகும் அது தட்டாமல் மூடுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வீட்டில் ஜன்னல் வெயில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.