தெற்காசிய அறிவியல் ஒத்துழைப்பு: உச்சிமாநாட்டுப் பாதையா, துறைசார் குழுவா?

அண்டை நாட்டு ஆய்வாளர்களுடன் கடலோர வானிலைத் தரவுகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சிறு திட்டத்தை எந்த வழியாகக் கொண்டுசெல்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பு ஒருமுறை எங்கள் ஆய்வுக் குழுவுக்கு வந்தது. நாட்டுத் தலைவர்கள் கூடி ஒப்புதல் அளிக்கும் பேரமைப்பு ஒரு வழி. ஒரே வேலைக்காக அந்தத் துறையினர் மட்டும் கூடும் குழு மற்றொரு வழி. நான் இரண்டாவதன் பக்கம் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

முதல் வழிக்கு அடையாளம் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க். 1985இல் டாக்காவில் தொடங்கிய அவ்வமைப்பில் எல்லா முடிவுகளும் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும். எனவே இரு நாடுகளுக்கிடையே உறவு கெட்டால் எட்டு நாடுகளின் வேலையும் நின்றுவிடுகிறது. 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்ததற்குப் பிறகு தலைவர்களின் உச்சிமாநாடு நடக்கவே இல்லை. இது பலரும் அறிந்ததே.

புயல் கண்காணிப்பை எடுத்துக்கொண்டால் இரண்டாவது வழியின் பலம் தெளிவாகும். 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் 3 முதல் 5 இலட்சம் பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். அதன் பின், 1972இல், உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் பொருளாதார ஆணையமும் இணைந்து வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்கென ஒரு குழுவை அமைத்தன. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை ஆகியவை ஒரே மேசையில் அமரும் அக்குழுவில் இப்போது 13 நாடுகள் உள்ளன. டெல்லியிலுள்ள மண்டல மையம் எல்லோருக்கும் முன்னறிவிப்புகளை அனுப்புகிறது. 2020இல் வெளியான 169 புயல் பெயர்களின் பட்டியலில் ஒவ்வொரு நாடும் 13 பெயர்களைத் தந்தது. 2021 செப்டம்பரில் ஆந்திரக் கரையைக் கடந்த 'குலாப்' பாகிஸ்தான் தந்த பெயர்; அப்போது இரு நாடுகளுக்கும் இடையே தூதர்கள்கூட இல்லை. வங்கதேசத்தில் புயல் மரணங்கள் குறைந்ததற்குப் புகலிடங்களும் தன்னார்வலர்களும் பெருங்காரணம் என்பதால் முழுப் பெருமையையும் இக்குழுவுக்கே கொடுக்க மாட்டேன். ஆயினும் எச்சரிக்கை நேரத்தோடு வந்தால்தான் மீனவர் படகையும் வலையையும் காப்பாற்ற முடிகிறது. ஒரு குடும்பம் கடனில் மூழ்குவதும் தப்புவதும் அதில் அடங்கியிருக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புச் செலவு. ஒரு மையத்தைத் திறக்க நிதி கிடைத்துவிடும்; பத்தாம் ஆண்டில் அதன் கருவிகளைப் பழுதுபார்ப்பவர் யார், ஊழியருக்குச் சம்பளம் தருபவர் யார் என்பதே உண்மையான கேள்வி. டாக்காவில் 1995இல் தொடங்கிய சார்க் வானிலை ஆய்வு மையம், திம்புவின் வனவியல் மையம், மாலேயின் கடலோர மேலாண்மை மையம் ஆகியவை இன்று தனி நிறுவனங்களாக இல்லை. புயல் குழுவில் ஒவ்வொரு நாடும் தன் ரேடாரையும் நிலையங்களையும் தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்தே பேணுகிறது. தன் மக்களுக்கு அவை எப்படியும் தேவை. பொதுவில் வைப்பது தரவையும் வடிவமைப்பு விதிகளையும் மட்டுமே. எங்கள் திட்டத்தையும் அப்படியே அமைத்தோம். ஓரிடத்தில் கருவி பழுதாகிப் பல மாதம் கிடந்தபோதும் மற்ற இடங்களில் பதிவு தொடர்ந்தது.

ஒரே நாடு கொடையாக வழங்கும் மூன்றாவது வழியும் உண்டு. 2017 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட தெற்காசியச் செயற்கைக்கோளின் செலவை இந்தியா ஏற்றது, பாகிஸ்தான் விலகிக்கொண்டது. விண்வெளித் துறையில் எனக்கு நேரடி அனுபவம் இல்லாததால் அதன் பயனை எடைபோட நான் தகுதியானவன் அல்லன். ஆனால் சுமார் 12 ஆண்டு ஆயுள் கொண்ட அது ஓய்ந்தபின் அடுத்ததற்கு யார் பணம் தருவார் என்ற அதே கேள்வி இங்கும் எழுகிறது.

இருந்தும் சில வேலைகள் பேரமைப்பால்தான் ஆகும். 2010இல் டெல்லியில் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை எட்டு நாடுகளும் ஏற்க அரசுகளின் ஒப்பந்தம் தேவைப்பட்டது. ஆய்வாளருக்கு விசா, எல்லை தாண்டும் கருவிக்குச் சுங்க விலக்கு ஆகியவற்றையும் எந்தத் துறைசார் குழுவாலும் தர முடியாது. எங்கள் திட்டத்தில் தரவு நொடியில் எல்லை கடந்தது. அதை உடனிருந்து அலச வேண்டிய ஆய்வாளர் மட்டும் விசாவுக்காகக் காத்திருந்தார்.