உயர்நீதிமன்றத்துக்கு இரு வழிகள்: கீழமை நீதிமன்றமும் வழக்கறிஞர் தொழிலும்

உயர்நீதிமன்ற நீதிபதியாவதற்கு இந்திய அரசமைப்பின் 217ஆவது பிரிவு இரு தகுதிகளை ஏற்கிறது: 10 ஆண்டு நீதித்துறைப் பதவி, அல்லது உயர்நீதிமன்றத்தில் 10 ஆண்டு வழக்கறிஞர் தொழில்.

கேரளத்தின் பாத்திமா பீவி முதல் வழியில் வந்தவர். 1958இல் கீழ்நிலை உரிமையியல் நீதிபதியான முன்சீப்பாகச் சேர்ந்து, சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி எனப் படிப்படியாக உயர்ந்து, 1983இல்தான் உயர்நீதிமன்றத்தை அடைந்தார். 62 வயதில் ஓய்வு என்பதால் 1989இல் அவர் விலக நேர்ந்தது; அங்கு அவருக்கு ஆறாண்டுகூடக் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் அவர் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானது அரிய விதிவிலக்கு.

வி. ஆர். கிருஷ்ணய்யர் இரண்டாம் வழியில் வந்தவர்; கேரளத்தின் தலைச்சேரியில் வழக்காடியவர். 1957இல் கேரள அமைச்சராகவும் இருந்தவர். அவர் 1968இல் நேரடியாக உயர்நீதிமன்றத்துக்கும், 1973இல் உச்சநீதிமன்றத்துக்கும் சென்றார்.

வழக்கறிஞராக இருந்து வருபவர் பெரும்பாலும் இளமையிலேயே நியமிக்கப்படுவதால், பணிமூப்பும் தலைமை நீதிபதியாகும் வாய்ப்பும் அவருக்கே மிகுதி. அரசை எதிர்த்து வாதாடிய பழக்கம், அரசின் செயல்களை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் தாக்கலாகும் ரிட் மனுக்களில் அவருக்குக் கைகொடுக்கும். ஆயினும், கீழமை நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்பவரின் தடுமாற்றத்தை நேரில் கண்டு வாக்குமூலம் பதிந்த அனுபவத்துக்கு, குறிப்பாகக் குற்றவியல் மேல்முறையீடுகளில், ஈடு எதுவுமில்லை என்றே நான் கருதுகிறேன். எனவே, நியமனத்துக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் மாவட்ட நீதிபதிகளை ஐம்பது வயதுக்குள்ளாகவே பரிந்துரைக்கத் தொடங்க வேண்டும்.