தூக்குகிறது, தாங்குவதில்லை: பழைய தோட்ட டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்ட்

ஒஹையோவில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நண்பர், பழைய தோட்ட டிராக்டர் வாங்கினால், கலப்பை போன்ற கருவிகளை ஆயில் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் உள்ளதை எடுப்பதா, கைநெம்புகோல் வண்டியே போதுமா என்று கேட்டிருந்தார். என் வண்டியின் லிஃப்ட் அண்மையில்தான் பழுதுபார்க்கப்பட்டு வந்தது. பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜான் டியர் 140, கப் கேடட் 149 போன்ற எழுபதுகளின் 14 குதிரைத்திறன் வண்டிகளை அறிந்தவர்களுக்கு என் வண்டியின் அமைப்பும் புதிதன்று. ஆயில் அழுத்தத்தாலேயே சக்கரங்களை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியருக்கு ஆயில் ஊட்டும் சிறு பம்ப்பே லிஃப்டையும் இயக்குகிறது. ஈரக் களிமண் அப்பிய பத்து அங்குல இறக்கைக் கலப்பையைச் சால் முடிவில் இரண்டு விரலால் எழுப்பிவிட்டு வண்டியைத் திருப்பும் சுகத்தை, நீண்ட நெம்புகோலைத் தோள் நோக இழுத்துப் பழகியவர்கள்தாம் முழுமையாக உணர்வார்கள். லிஃப்டை அசைக்கும் சிலிண்டர் மேலும் கீழுமாக இருபுறமும் தள்ளுவதால், காய்ந்து இறுகிய மண்ணில் கலப்பை முனையைக் கீழே அழுத்தவும் முடிகிறது. ஆனால் அளவுக்கு மீறி அழுத்தினால் பின்சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறைந்து அவை வழுக்கத் தொடங்கும்.

என்னை ஓயாமல் எரிச்சலூட்டுவது, தூக்கிய கலப்பை தானாகவே இறங்குவது. காலைக் குளிரில் அசையாமல் நிற்கும். ஆயில் சூடேறி இளகிய பிறகு, தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் முனை புல்லில் ஊன்றியிருக்கும். பழுதுபார்த்தவர் சிலிண்டரில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களை மாற்றிப் பணமும் பெற்றுக்கொண்டார், இறக்கமோ அப்படியே இருக்கிறது. சீல்தான் காரணம் என்று முடிவுகட்டுமுன் சிலிண்டருக்கு ஆயிலைத் திறந்து மூடும் வால்வை அவர் சோதித்திருக்க வேண்டும். வால்வுக்குள் ஓடும் ஸ்பூல் என்னும் உருளைத் தண்டில் உள்கசிவைத் தடுக்க ரப்பர் எதுவும் கிடையாது, உலோகத்தோடு உலோகம் பொருந்தும் நுண்ணிய இடைவெளியே ஆயிலைத் தடுத்து நிறுத்துகிறது. இத்தனை ஆண்டுகளில் அது தேய்ந்திருப்பதில் வியப்பில்லை. நல்ல வால்வு கிடைக்கும்வரை, வண்டியை நகர்த்தும்போது கலப்பையைச் சங்கிலியில் மாட்டிவைக்கிறேன், நிறுத்தும்போது தரையில் இறக்கிவிடுகிறேன். தூக்கிய கருவியின் கீழ் ஒருபோதும் கை வைக்கக் கூடாது.

ஊரில் மாஸி ஃபெர்குசன் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இன்னொரு குறையும் உறுத்தும். மண்ணின் இழுவை கூடும்போது கலப்பையைத் தானே சற்று உயர்த்தும் கட்டுப்பாட்டைப் பொறியாளர் ஹாரி ஃபெர்குசன் 1930களிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். இந்தச் சிறு வண்டியில் அந்த வேலை ஓட்டுபவரின் கையில் இருக்கிறது: கழுத்தைத் திருப்பிப் பின்னால் விழும் உழவுச் சால் பக்கம் பார்த்தபடி, சக்கரம் வழுக்கும் கணத்தில் நெம்புகோலை மயிரிழை அசைத்து விட வேண்டும். கை பழகினால் இதுவும் இன்பமே, ஆனால் நெடுநேரம் உழுதால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

கருவியை வண்டியின் பின்புறம் மூன்று இடங்களில் மாட்டும் மும்முனை இணைப்பிலும் கவனம் தேவை. இவ்வண்டிகளில் அது சீரோ என்னும் சிறிய அளவு வகை. மாட்டும் ஊசியின் (pin) விட்டம் 5/8 அங்குலம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் முதல் வகைக் (Category 1) கருவிகளின் கீழ் ஊசி 7/8 அங்குலமாகவும், இணைப்பின் இரு கீழ்க் கைகளுக்கு இடையிலான அகலம் கூடுதலாகவும் இருப்பதால், மாற்றி வெல்டிங் செய்யாமல் அவை பொருந்தா. ஆகவே கருவிகளையும் சேர்த்து விற்பவரிடமே வாங்குவது நல்லது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், நண்பரே, ஹைட்ராலிக் லிஃப்ட் உள்ளதையே வாங்குங்கள். பார்க்கப் போகும்போது எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டச் சொல்லி, கலப்பையை மாட்டித் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.