ஆசான் இல்லாமல் தற்காப்புக் கலை: வீட்டுப் பயிற்சிச் சாமான்கள் எதற்கு எத்தனை மதிப்பெண்?

தானே கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்புபவரைக் குறிவைத்து விற்கும் சாமான்கள் ஏராளம். தொங்கும் பஞ்சிங் பேக், தரையில் நிற்கும் பேக், கிளவுஸ், வீடியோ பாடம், மல்யுத்த பொம்மை என்று பட்டியல் நீளும். இவற்றைத் தரம் பிரிக்க ஒரே கேள்வி போதும்: தப்பாகச் செய்யும்போது அது காட்டிக்கொடுக்கிறதா? ஆசான் என்பவர் செய்து காட்டுவது கொஞ்சம்தான். அவருடைய பெரும்பாலான வேலை, பக்கத்தில் நின்று தப்பைப் பிடிப்பது.

அந்தக் கணக்கில் முழு மதிப்பெண் ஸ்கிப்பிங் கயிற்றுக்கு. நேரம் தவறினால் காலில் மாட்டும், அவ்வளவுதான் பாடம். கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் கைப்பிடிகள் அக்குள் வரை வர வேண்டும். அதைவிட நீளம் என்றால் வெட்டிக் குறையுங்கள்.

அடுத்தது தொங்கும் பேக். எடை, உடல் எடையில் பாதி இருந்தால் சரி; 70 கிலோ ஆளுக்கு 35 கிலோ. 15, 20 கிலோ பேக் ஒவ்வொரு குத்துக்கும் ஊஞ்சலாகிவிடும், அதைத் துரத்துவதிலேயே பயிற்சி முடிந்துவிடும். எடை போதவில்லை என்று பலர் மணலைக் கொட்டுகிறார்கள். மணல் கீழே இறங்கி, சில வாரங்களில் அடிப்பாகம் கல்லாகிவிடும். அதில் உதைத்தால் முழங்கால் கீழ் எலும்புதான் வாங்கும். காலியாக வாங்கினால் பழந்துணியை நறுக்கி, ஜிப்பும் பித்தானும் வெட்டியெறிந்து, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு தடவை தடித்த கட்டையால் இடித்து நிரப்புங்கள். மணல் கட்டாயம் வேண்டுமென்றால் சிறு பொட்டலங்களாகக் கட்டி நட்டநடுவில் வையுங்கள், சுற்றிலும் துணி இருக்க வேண்டும். குத்துக்கு மட்டும் என்றால் 100 முதல் 120 செ.மீ. பேக் போதும், அடிப்பக்கம் இடுப்பளவில் நிற்கட்டும். தாழ்வாக உதைக்கவும் வேண்டுமானால் 180 செ.மீ. தேவை.

மாட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். மின்விசிறிக் கொக்கி அசையாத எடையைத் தாங்கும் என்பதற்காகப் பேக்கையும் தாங்கும் என்று நினைக்காதீர்கள். பேக் பக்கவாட்டில் இழுக்கும், குத்து விழும்போது எகிறி மறுபடி கீழே வெட்டும். கான்கிரீட் கூரை அல்லது உத்திரத்தில் விரிவு போல்ட் அடித்து, சங்கிலிக்கு மேலே சுழலும் கொக்கி ஒன்று போடுங்கள். அது இல்லாவிட்டால் சங்கிலி முறுக்கி நட்டைத் தளர்த்திவிடும். மாதத்துக்கு ஒரு முறை நட்டைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

பேக் என்ன சொல்லும்? காது கொடுத்தால் நிறையச் சொல்லும். சரியான ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையின் நேர்க்குத்து, ‘டப்’ என்று வெடிக்கும், பேக் நடுங்கும். ‘தொம்’ என்று அமுங்கி, பேக் தூரமாகப் போய்த் திரும்பினால் அது குத்து இல்லை, தள்ளு. கை போன வேகத்தில் திரும்பவில்லை என்று அர்த்தம். பயிற்சி முடிந்ததும் கைமுட்டியைப் பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் சிவந்திருந்தால் சரி. மோதிர விரலும் சுண்டுவிரலும் சிவந்திருந்தால் முழங்கை வெளியே அகன்று குத்து சாய்ந்து விழுகிறது. சுண்டுவிரல் அடியெலும்பின் கழுத்து உடைவது குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே பெயர் வாங்கியிருக்கிறது, அதற்கு வழி இதுதான். ஆனால் தாடை தூக்கியிருப்பதையும், வலது கை குத்தும்போது இடது கை இடுப்புக்கு இறங்கியிருப்பதையும் பேக் சொல்லவே சொல்லாது.

கிளவுஸுக்குள் 4.5 மீட்டர் கைக்கட்டுத் துணி அவசியம். விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுபோய் 3 சுற்று, முட்டிகளின் மேல் 3 சுற்று, பிறகு விரலிடுக்கு மூன்றிலும் நுழைத்து ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுக்குத் திரும்பல், கட்டைவிரலை ஒரு சுற்று, மீதி மணிக்கட்டில். விரலை மூடிக்கொண்டு சுற்றினால் முஷ்டி பிடிக்கும்போது துணி இறுகி விரல் மரத்துப்போகும். உள்ளங்கையில் துணி திரண்டால் முஷ்டியே மூடாது. பேக்குக்கு 12 அல்லது 14 அவுன்ஸ் கிளவுஸ். 8 அவுன்ஸ் கைக்கு லேசாக இருக்கிறது என்று வாங்கினால் முட்டி பதில் சொல்லும்.

தரையில் நிற்கும் பேக்குக்குக் குறைந்த மதிப்பெண்தான். அடித்தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் வழுக்கி நகரும், மணல் போட்டால் கொஞ்சம் நிற்கும். தாழ்வாக உதைத்தால் தொட்டியின் பிளாஸ்டிக் விளிம்பில் பாதம் படும். கூரையில் துளை போட முடியாதவருக்கு மட்டும்.

வீடியோ பாடங்களுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது, கேமரா முதுகுப்பக்கமும் இருக்கிறதா என்பதை. எதிரே நின்று காட்டினால் அவர் இடது உங்களுக்கு வலது. நிற்கும் நிலையிலேயே குழம்பிப்போவீர்கள். இரண்டாவது, ரவுண்ட் கிக் (காலைப் பக்கவாட்டில் சுழற்றி உதைப்பது) பாடத்தைத் திறந்து, உதைக்கும் காலை விட்டுவிட்டு ஊன்றிய காலைப் பற்றி எவ்வளவு பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். உதை போய்ச் சேரும்போது ஊன்றிய காலின் குதிகால் இலக்கைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். அது திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும், தசைநாருக்கும் குருத்தெலும்புக்கும் ஆபத்து. மெத்தென்ற ரப்பர் விரிப்பில் பாதம் புதைந்து ஒட்டிக்கொள்வதால் இது இன்னும் மோசமாகும். காலைத் திருப்பிப் பழக 20 மி.மீ. கெட்டி விரிப்பு போதும். இதைச் சொல்லாமல் முதல் வாரமே சுழன்று உதைக்கச் சொல்லும் பாடத்தை வாங்காதீர்கள். காற்றில் குத்தும்போது முழங்கையை முழுவதும் நீட்டிப் பூட்டாதே என்று எச்சரிக்கிறதா என்பதையும் பாருங்கள். எதிலும் படாத குத்தை வேகமாக நீட்டினால் மூட்டுதான் தடுப்புச்சுவர்.

வீடியோவில் ஓரளவு நேர்மையாகக் கற்கக்கூடியது கராத்தே கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் குறித்த வரிசையில் செய்யும் அசைவுத் தொடர். ஹெயான் என்ற வரிசையின் ஐந்து கட்டாக்களையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவா பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தவர் இடோசு அங்கோ. அதனால் படிப்படியாக ஏறும். ஷோடோகான் என்ற கராத்தே முறையில், வரிசையின் முதல் கட்டாவான ஹெயான் ஷோடனுக்கு 21 எண்ணிக்கை. தொடங்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள்; முடிவில் அங்கேயே வந்து நிற்க வேண்டும். ஓரடி தள்ளி நின்றால் எங்கோ நிலையின் நீளம் மாறியிருக்கிறது, அல்லது திருப்பத்தில் கால் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. தனியாகப் பழகுபவருக்கு இப்படித் தானே திருத்தும் பாடம் அபூர்வம். அது கட்டாவைத்தான் திருத்தும், சண்டையை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

உண்மையில் ஆசானுக்கு மிக அருகில் வருவது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் போன். இடுப்பு உயரத்தில், 3 மீட்டர் தள்ளி, ஒரு முறை பக்கவாட்டிலும் ஒரு முறை சாய்கோணத்திலும் வைத்து 3 நிமிடச் சுற்று ஒன்றை எடுங்கள். வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தால், ஜாப் புறப்படும் முன் கை ஒரு அங்குலம் கீழே இறங்குவது தெரியும். எல்லாருக்கும் இருக்கும் வியாதி இது, ‘அடிக்கப் போகிறேன்’ என்று தந்தி கொடுப்பது. ஒரு வாரத்துக்கு ஒரு தப்பு மட்டும் எடுத்துத் திருத்துங்கள், நான்கைச் சேர்த்துப் பிடித்தால் ஒன்றும் நிற்காது. கண்ணாடி இதற்கு மாற்று இல்லை. முன்பக்கம் மட்டுமே தெரியும், திரும்பும் நேரத்தில் தலை கண்ணாடியையே தேடும். பதிவை அனுப்பினால் பார்த்துத் திருத்தம் சொல்லும் பயிற்சியாளர் மாதம் ஒரு முறை கிடைத்தாலும், நூறு மணி நேர வீடியோவை விட அது மேல்.

மல்யுத்த பொம்மை? வேண்டாம். 1882இல் ஜிகாரோ கானோ தொடங்கிய ஜூடோவில் கட்டாவுக்குச் சமமாக ரந்தோரி என்ற கட்டற்ற பயிற்சி இருப்பதற்குக் காரணம் உண்டு. எதிராளியின் சமநிலை குலையும் அந்த நொடியைக் கைதான் உணர வேண்டும், பொம்மைக்குச் சமநிலையே கிடையாது. தனியாகப் பழகத்தக்கது விழுவது மட்டும்: 40 மி.மீ. பாயில், முதலில் குந்திய நிலையிலிருந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை விட்டபடி, கைகளை உடலிலிருந்து சுமார் 45 பாகைக்குள் வைத்துத் தரையை அறைவது. கையை அதற்கு மேல் அகற்றினால் தோளில் அடி இறங்கும். பின்னால் ஊன்றித் தாங்கப் பார்த்தால் மணிக்கட்டு போய்விடும். கழுத்து நெரிப்பைப் பொம்மையிலும் பழக வேண்டாம், பழக்கமில்லாத நண்பரிடமும் வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் பத்து நொடி அளவிலேயே மயக்கம் வரும், விடு என்று தட்ட அவருக்கு நேரமிருக்காது.

தலைக்கவசம், வாய்க்காப்பு, 16 அவுன்ஸ் கிளவுஸ் மூன்றையும் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்புகளைத் தொடாதீர்கள். எதிரே நிற்க ஒரு ஆளும், நடுவில் நிறுத்தச் சொல்ல இன்னொருவரும் கிடைத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.