ரங்கூனில் சின்னம்மாவை டாக்டரிடம் காட்டியது

ரங்கூனுக்குப் போகிற நம் ஆட்கள் பெட்டியைத் திறந்தால், தைலத்துக்குப் பக்கத்தில் விட்டமின் பாட்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து போனாலும் சரி, மெட்ராஸிலிருந்து போனாலும் சரி. அத்தைக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று என்று கொடுப்போம். அவர்களும் சாமி படத்துக்குக் கீழே அலமாரியில் அடுக்கி வைத்துக்கொள்வார்கள். இந்த முறை நான் சின்னம்மா வீட்டிலேயே தங்கி, அவரை டாக்டரிடம் காட்டி, பரிசோதனைகளையும் செய்து பார்த்துவிட்டு வந்தேன். அங்கே என்ன கிடைக்கிறது, எதை நாமாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்று எழுதிவைத்தால், பெரியவர்களை அங்கே விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறவர்களுக்கு உதவும்.

சின்னம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிறது. பழைய ஆட்கள் இன்னும் பிரேசர் ஸ்ட்ரீட் என்றே சொல்கிற அனோரத்தா சாலையை ஒட்டிய உள்தெருவில், நான்காவது மாடியில் வீடு. லிஃப்ட் கிடையாது. அந்தக் கட்டடங்களின் மாடிப்படி எப்படிச் செங்குத்தாக ஏறும் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். காய்கறி, பேப்பர், மருந்து எல்லாவற்றையும் பையில் போட்டு மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். வீட்டுச் சாவியும் அதே கயிற்றில்தான் கீழே இறங்கும். வசதிதான், ஆனால் அந்தக் கயிறு இருக்கும் தைரியத்தில் சின்னம்மா மாதக்கணக்கில் தெருவுக்கே இறங்காமல் இருந்திருக்கிறார். வெயில் கொளுத்துகிற ஊரில் அவருக்கு விட்டமின் டி 13 என்று வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். 20 நானோகிராமுக்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறார்கள்.

நான் கவனித்தது ராத்திரியில். நான்கைந்து தடவை எழுந்து பின்கட்டுக் கழிவறைக்குப் போகிறார். கரண்ட் இருக்காது, கையில் சின்ன டார்ச், மற்றொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. பாதம் மரத்துப்போயிருப்பதால் தரை சரியாகத் தெரிவதில்லை. கேட்டால், “வயசானா அப்படித்தான் பாப்பா. இதையெல்லாம் ஆம்பள டாக்டர்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா?” என்கிறார். துணியில் கசிந்துவிடுமோ என்று பயந்து காளி கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். மத்தியானத்துக்கு மேல் வெறும் தண்ணீர் குடிப்பதே இல்லை. கூடவே இருக்கும் மருமகளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. எத்தனை காலம் இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தாரோ என்று நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

முதலில் போனது பக்கத்துத் தெரு கிளினிக். சாயங்காலம்தான் திறப்பார்கள், கூட்டம் நெரியும். டாக்டர் அவசரமாகப் பார்த்துவிட்டு, உடம்பு பலவீனம் என்று குளுகோஸில் சத்து ஊசி கலந்து ஏற்றினார். நீர்க்கடுப்பு என்று ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். சிறுநீர்ப் பரிசோதனை எழுதவில்லை. டிரிப் ஏற்றிக்கொண்டால் நம் ஆட்களுக்கும் ஒரு திருப்தி, “சத்து ஏத்திட்டு வந்தேன்” என்று சொல்லிக்கொள்வார்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஆகும் செலவு மிகக் கொஞ்சம். அதைச் செய்யாமல் வயதானவருக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது மருந்துப் பையைத்தான். மேஜையில் கொட்டினேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின், நெஞ்செரிச்சலுக்கு தினமும் ஒமிப்ரசோல். அப்புறம் உறவுக்காரர்கள் கொண்டுவந்த பாட்டில்கள், அவற்றில் ஒன்று தண்ணீரில் போட்டால் நுரைக்கும் 1000 மில்லிகிராம் விட்டமின் சி. அதைச் சின்னம்மா படுக்கப்போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்! என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். சித்தப்பா போன பிறகு சைவம். மீன் இல்லை, முட்டை இல்லை, ஊரெல்லாம் சாப்பிடுகிற ஞாப்பி என்ற புளித்த மீன் விழுதும் இல்லை. பால் என்றால் டீயில் விடும் டின் பால்தான்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். விட்டமின் பி12 மீன், முட்டை, பால் போன்றவற்றிலிருந்துதான் கிடைக்கும், காய்கறியிலோ பருப்பிலோ இயல்பாக இல்லை. வயதானால் வயிற்றில் அமிலம் குறைந்து அது உடம்பில் சேர்வதும் குறையும். ஒமிப்ரசோல் அதை இன்னும் குறைக்கும், நெடுங்காலம் சாப்பிடும் மெட்ஃபார்மினும் குறைக்கும். சின்னம்மாவிடம் இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பி12 போனால் நரம்பு கெடும். கால் மரத்துப்போகும், நடை தடுமாறும், மறதி வரும். மூத்திரப்பைக்குப் போகும் நரம்பும் பாதிக்கப்படலாம், சர்க்கரையும் அதே நரம்பைத்தான் கெடுக்கும்.

சிறுநீர், அதில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கால்சியம், பி12, விட்டமின் டி எல்லாம் எழுதிக்கொடுத்தார். மூத்திரப்பை நிறைந்திருக்கும்போது ஒரு ஸ்கேன், போய்விட்டு வந்த உடனே இன்னொரு ஸ்கேன். தனியார் லேபில் காலையில் ரத்தம் கொடுத்தால் பாதி முடிவு அன்று மாலையே போனுக்கு வந்துவிடுகிறது, விட்டமின் முடிவுகள் மட்டும் மறுநாள். ரிப்போர்ட்டில் அலகைக் கட்டாயம் பாருங்கள். விட்டமின் டி மில்லிக்கு 20 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 50 நானோமோல் என்பதும் ஒரே அளவுதான், அது தெரியாமல் வீட்டில் கலவரமாகிவிட்டது.

சிறுநீரில் கிருமி இல்லை. பி12 மில்லிக்கு 158 பிகோகிராம், அதாவது 200-க்கும் கீழே. போய்விட்டு வந்த பிறகும் மூத்திரப்பையில் 160 மில்லி தங்கியிருந்தது. அந்த ஸ்கேனைப் பார்க்காமல் அடிக்கடி போவதை அடக்கும் மாத்திரையை யாராவது எழுதியிருந்தால், தங்கும் அளவு இன்னும் கூடியிருக்கும். அவற்றில் சில மாத்திரைகள் வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் உண்டாக்கும்.

விட்டமின் போட்டால் இதெல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டேன். டாக்டர் தலையாட்டிவிடவில்லை. விட்டமின் டி குறைந்த பெண்களுக்கு மூத்திரப்பையைத் தாங்கும் இடுப்பு அடித்தளத் தசைகள் தளர்வதும் கசிவும் அதிகம் என்று சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 25,871 பேரிடம், தினம் 2000 யூனிட் விட்டமின் டி கொடுத்து ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்த வைட்டல் ஆய்வில், பெண்களின் சிறுநீர்க் கசிவு மொத்தத்தில் குறையவில்லை. குறைபாடு இருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் ஈடுகட்ட வேண்டியதுதான். அதை மூத்திரப்பை மருந்து என்று நம்பிக்கொண்டு, நாலு பேர் கொண்டுவந்த நாலு பாட்டிலையும் சேர்த்து விழுங்கினால் விட்டமின் டி மிதமிஞ்சி ரத்தத்தில் கால்சியம் ஏறும். அதனாலேயே தாகமும் அடிக்கடி போவதும் வரும், சிறுநீரகத்தில் கல்லும் சேரலாம். விட்டமின் சி-யை அந்த அளவில் சாப்பிட்டால் சிலருக்கு அவசரமாக முட்டிக்கொண்டு வரும் என்று அதை அன்றே நிறுத்தச் சொன்னார்.

பலன் தெரிந்தது சின்னச் சின்ன விஷயங்களில்தான். பர்மாக்காரர் வீடு மாதிரியே சின்னம்மா மேஜையிலும் வெறும் தேத்தண்ணி ஃபிளாஸ்க் நாள் முழுக்க இருக்கும், படுக்கும்வரை ஊற்றிக் குடிப்பார். அது மாலை 4 மணியோடு நின்றது. தண்ணீர் குடிப்பதைப் பகலுக்கு மாற்றினோம், அளவைக் குறைக்கவில்லை. அம்லோடிபினால் வீங்கும் காலைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொள்கிறார், இல்லாவிட்டால் அந்த நீரெல்லாம் ராத்திரி படுத்த பிறகு சிறுநீராக இறங்கும். ஒரு தடவை போய் முடித்ததும் எழுந்துவிடாமல், கொஞ்சம் பொறுத்து முன்னால் சாய்ந்து மறுபடியும் முயற்சி செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலியும் பேட்டரி விளக்கும் வாங்கிப் போட்டேன். காலையில் பால்கனியில் கையும் காலும் வெயிலில் பட உட்கார்கிறார்.

பி12 ஊசியை முதலில் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். தெருவிலேயே இருக்கும் நர்ஸ் அம்மா மாடி ஏறி வந்து போட்டுவிட்டுப் போகிறார். நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும், முழுதும் தேறும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. இப்போது ராத்திரி இரண்டு தடவை எழுகிறாராம், போனில் சொன்னார். பணம் கஷ்டமாக இருப்பவர்கள் மகாபந்துலா சாலையிலுள்ள முஸ்லிம் இலவச மருத்துவமனையை விசாரித்துப் பாருங்கள். 1937-லிருந்து நடக்கிறது, எந்த மதத்தவரையும் பார்ப்பார்கள்.

இனி போகிறவர்கள் பாட்டில் வாங்குவதற்கு முன்னால், வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் மருந்தை எல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் நெடுங்காலமாக இருந்தால் பி12 பார்த்தார்களா என்று கேளுங்கள். பெண்களிடம் பெண்களே, யாரும் இல்லாத நேரத்தில், ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள் என்று நேராகவே கேளுங்கள். சின்னம்மா என்னிடம் எல்லாவற்றையும் கொட்டியது அடுப்படியில் நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோதுதான்.